அமலம் எழுதி வைத்த கொரியப் பயணம்

ஒன்பதாம் மாடி,
ஜெலுத்தோங், பினாங்கு.
ஆகஸ்ட் 14

சேசு மரி சூசை துணை.

மைத்துனர் நாதன் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுத வேண்டிய இடம் இது. நான் நலமில்லை. உன் நலத்தை அறியலாமென்றால் அதற்கான வழிகளையெல்லாம் நீ அடைத்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் நான் அனுப்புவதற்கு ஒரே ஒரு டிக் விழுகிறது. கூப்பிட்டால் ஒரு மலாய்ப் பெண்மணி, மிகுந்த மரியாதையோடு, நீ கிடைக்கமாட்டாய் என்கிறாள். ஐந்து வாரமாக நான் அதிகம் பேசியது அந்தப் பெண்மணியோடுதான். ஆகவே இன்று காலை தபாலாபீஸ் போய், எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஸ்டாம்பு வாங்கினேன். எந்த ஊருக்கு அங்கிள் என்று கவுண்டர் பெண் கேட்டாள். சுங்கை பாக்காப் என்றேன். பாலத்தைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தானே, நேரிலேயே போகலாமே என்று ஆலோசனையும் சொன்னாள். போகலாம். நீ கேட்டைத் திறப்பாயா என்பது அவளுக்குத் தெரியாது.

உன் குற்றச்சாட்டுகள் இரண்டு. உன் அக்கா அமலம் இறந்து ஆறு மாதம்கூட ஆகாத நிலையில் நான் மூன்று பெண்களோடு கொரியாவுக்கு உல்லாசப் பயணம் ஏற்பாடு செய்கிறேன் என்பது முதலாவது. இரண்டாவதைக் கடிதத்தின் பின்பகுதியில் எடுத்துக்கொள்கிறேன். அதை எழுத எனக்கு இன்னும் கொஞ்சம் தைரியம் வர வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த மூன்று பெண்கள். ஒருத்தி ரொஸ்னா, எங்கள் பக்கத்து வீடு, ரிட்டையரான தாதி. அவளை உனக்குத் தெரியும், அன்றைக்கு ஓடி வந்தவள் அவள்தான். இன்னொருவர் தர்மினி டீச்சர், குமாஸ்தா வேலை பார்த்த விநாசித்தம்பி கிராணியின் மகள், முப்பத்தைந்து வருஷம் பூகோளம் நடத்தியவர், இன்றைக்கும் லிப்டில் எந்தப் பக்கம் திரும்பி நிற்பது என்று தெரியாதவர். மூன்றாவது காமினி, ஏழாம் மாடி, எல்லாவற்றுக்கும் பயப்படுவாள். இவர்களும் அமலமும் வியாழக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் கூடி கொரியா சீரியல் பார்த்து நாலு பேருமாக அழுவார்கள். நான் முன் ஹாலில் பேப்பரைப் பிடித்துக்கொண்டு, எவன் செத்தான் என்று சத்தம் போட்டுக் கேட்பேன். நகைச்சுவையாகத்தான் கேட்டேன். ஒருத்தரும் சிரித்ததில்லை.

இந்த நாலு பேரும் அக்டோபரில், இலை மஞ்சளாகிற சமயம், கொரியா போவதென்று போன வருஷமே முடிவு பண்ணி, அதற்கான திட்டத்தை அமலம் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிக்கொண்டிருந்தாள். பிப்ரவரியில் அவள் போய்விட்டாள். முப்பதாம் நாள் பூசை முடிந்து, ஹாலில் மீஹூன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மூன்று பேரும் என்னிடம் வந்தார்கள். நாங்கள் போகலாமா வேண்டாமா தெரியவில்லை, ஆனால் அமலம் போட்ட திட்டம் வீணாகக்கூடாது, அந்த நோட்டை மட்டும் கொடுங்கள் என்றார்கள். கொடுத்தேன். மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொண்டுவந்தார்கள். ஏனென்றால் அந்த நோட்டில் எட்டுப் பக்கம் இருந்தது, ஒரு இடத்தின் பெயர்கூட இல்லை. முதல் நாள்: அவன் அழுத படிக்கட்டு. பிறகு, மாமியார்க்காரி முகத்தில் தண்ணியை ஊத்தின கோப்பிக் கடை. இரண்டாம் நாள்: குடை கொடுத்த பஸ் ஸ்டாப், மழை பெய்தால் நல்லது. மூன்றாம் நாள்: ரெண்டு பேரும் பேசாமல் நடந்த பாலம், மற்றப் பாலம் இல்லை. இப்படியே ஏழு நாளும். எவன் அழுத படிக்கட்டு என்று ரொஸ்னாவைக் கேட்டேன். எல்லாரும் படிக்கட்டில்தான் அழுகிறார்கள், எந்தப் படிக்கட்டு என்று காக் அமலத்துக்குத்தான் தெரியும் என்றாள், அக்காவை அவள் காக் என்றுதான் கூப்பிடுவாள்.

சரி, இதை ஒரு ஏஜெண்டிடம் கொடுத்தால் அவன் கண்டுபிடித்துத் தருவான் என்று நினைத்து, டவுனில் சுலைமான் என்று ஒருத்தர், உம்ரா பயணமெல்லாம் அனுப்புகிறவர், அவரிடம் போனேன். அவர் நோட்டை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை படித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்பவும் படித்து, நான் மக்கா மதினாவுக்கு ஆள் அனுப்புகிறவன் அண்ணே, அங்கே எல்லா இடத்துக்கும் பெயர் இருக்கு என்றார். இருந்தாலும் நல்ல மனிதர். இங்கிலீஷில் மாற்றி எழுதி அந்த ஊர்க் கம்பெனிக்கு அனுப்பினார். இரண்டு நாளில் பதில் வந்தது. எங்கள் நகரத்து ஆற்றின் மேல் சுமார் முப்பது பாலங்கள் உள்ளன, தங்கள் வாடிக்கையாளர் எந்தப் பாலத்தில் பேசாமல் இருக்க விரும்புகிறார் என்று தெரிவித்தால் ஏற்பாடு செய்கிறோம் என்று இருந்தது.

அப்புறம் விமானச் சீட்டு. அமலம் பெயரிலும் ஒரு சீட்டு போட்டிருந்தார்கள். அந்தப் பெயரை எடுக்கணும் என்று சுலைமான் கம்ப்யூட்டரில் பாரத்தைத் திறந்தார். காரணம் என்னவென்று கேட்டு அதுவே நாலு விடை கொடுத்தது: மனம் மாறிவிட்டது, வேலை காரணம், வேறு தேதியில் பயணம், மற்றவை. செத்துப் போனது இல்லை. சுலைமான் என் முகத்தைப் பார்க்காமல் மற்றவையை அழுத்தினார். உடனே ஐம்பது எழுத்துக்குள் விளக்கவும் என்று ஒரு கட்டம் வந்தது. ஐம்பது எழுத்தில் என்னப்பா விளக்கறது? நாப்பத்தொரு வருஷம் குடும்பம் நடத்தினவ. நான் எழுந்து வெளியே போய் கடை வாசல் ஐந்தடிப் பாதையில் நின்னுட்டேன். அரைமணி நேரம் கழித்து அவர் வந்து, அண்ணே, பேரை எடுக்கல, மாத்திட்டேன், உங்க பேரைப் போட்டிருக்கேன், வேணாம்னா அப்புறம் பாத்துக்கலாம் என்றார். நான் போறேன்னு சொல்லல நாதன். வேணாம்னும் சொல்லல. அப்படித்தான் நான் கொரியா போகிறவன் ஆனேன்.

ஆக, அந்தப் படிக்கட்டையும் பாலத்தையும் கண்டுபிடிக்கணும்னா அவ பாத்த சீரியலையெல்லாம் யாராவது உக்காந்து பாக்கணும். எங்க டிவியில அவ என்னென்ன பாத்தான்னு வரிசையா வச்சிருக்கு, இருபத்து மூணு சீரியல், ஒண்ணொண்ணும் பதினாறு பாகம். மூணு பேரும் என்னையே பாத்தாங்க. சரின்னு ஏப்ரல்ல ஆரம்பிச்சேன். முப்பத்து மூணு வருஷம் ஃபெரியில வேலை பாத்தவன் நான், நோட்டுல கோடு போடாம எனக்கு எதுவும் ஓடாது. பாகம், இடம், மழையா வெயிலா, யார் அழுதாங்க, எங்கே அழுதாங்க, அப்படின்னு கட்டம் போட்டு எழுதினேன். ஒரு சீரியல் பன்னெண்டு பாகம் பாத்து முடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது, அது அமலம் பாத்ததில்ல, டிவி தானா எடுத்துப் போட்டது. எனக்கும் சந்தேகமாத்தான் இருந்துச்சு. செத்தவனெல்லாம் எழுந்து வந்து மத்தவனைக் கடிக்கிறான், இதைப் போய் அமலம் ஜெபமாலையைக் கையில வச்சுக்கிட்டு எப்படிப் பாத்தான்னு நினைச்சுக்கிட்டே பாத்தேன். மத்ததுல எல்லாம் பதினஞ்சாம் பாகத்துல யாராவது ஆஸ்பத்திரியில கிடக்கறாங்க. ஒரு விஷயத்தைக் கவனிச்சேன். அங்க யாரும் தனியா சாகறதில்ல. யாராவது ஒருத்தர் கையைப் பிடிச்சுக்கிட்டே இருக்கறாங்க.

படிக்கட்டு மே மாசம் கிடைச்சுது. ஒன்பதாவது சீரியல், ஆறாம் பாகம். மூணு பேரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டினேன். இதேதான்னு தர்மினி டீச்சர் கையைத் தட்டினாங்க. அப்ப எனக்கு ஒரு பெருமை வந்துச்சு, பொய் சொல்லக்கூடாது.

அதுக்குப் பிறகு ரொஸ்னா, நாம குளிருக்குப் பழகணும்னு ஆரம்பிச்சா. பண்டல் கடையில பழைய கம்பளிக் கோட்டு ஆளுக்கு ஒண்ணு வாங்கி, அதைப் போட்டுக்கிட்டு கொடிமலைக்குப் போனோம், மேல குளிரும்னு. மேல குளிர்றதுக்கு முன்னாடி கீழ ஒண்ணரை மணி நேரம் வெயில்ல வரிசையில நிக்கணும். காமினி கோட்டைக் கழட்டமாட்டேன்னுட்டா. பழக்கத்துக்குத்தானே வந்தோம், கழட்டினா எப்படிப் பழகும்னு நியாயமாக் கேட்டா. மலை ரயில் பாதி ஏறுறப்ப அப்படியே என் தோள்ல சாஞ்சுட்டா. நான் என்ன செஞ்சேன் தெரியுமா? கத்தினேன். அந்தப் பெட்டியில இருந்த சீனக் குடும்பம், வெள்ளைக்காரன், எல்லாரும் திரும்பிப் பாக்கற அளவுக்கு, யாராவது பாருங்க, யாராவது பாருங்கன்னு கத்தினேன். ரொஸ்னா கோட்டைக் கழட்டி, தண்ணி தெளிச்சு, ஒண்ணுமில்ல, வெறும் மயக்கம்னா. காமினி கண்ணைத் தொறந்து, கொரியா வந்துட்டமான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சாங்க. மேல போய் இறங்கின பிறகும் நான் அவ பக்கத்தை விட்டு நகரல.

அடுத்தது சாப்பாட்டுக்குப் பழகறது. அதுக்குத்தான் உன் பக்கம் ஜூரு வந்தோம். ரொஸ்னாவுக்கு ஹலால் வேணும், டீச்சர் மாட்டிறைச்சி தொடமாட்டாங்க, காமினிக்கு இறால் பட்டா உதடு வீங்கிடும், இது மூணுக்கும் சரியா வர்ற கொரியா கடை நீ கார் விக்கிற இடத்துக்குப் பக்கத்துலதான் ஒண்ணு இருக்குன்னு ரொஸ்னா கண்டுபிடிச்சா. ஜூலை மாசம் முதல் ஞாயிறு. இப்ப நீ பாத்ததை நான் மறுக்கல. நான் கழுத்துல காகித ஏப்ரன் கட்டிக்கிட்டு, கையில கறி வெட்டற கத்திரிக்கோல் வச்சுக்கிட்டு, மூணு பொம்பளைங்க நடுவுல உக்காந்து வாய்விட்டு சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தேன். ஏன் சிரிச்சேன்னு நீ கேக்கல. அந்த ஊர்ல சாப்பிடற குச்சி இரும்புல செஞ்சது, வழுக்குது. நான் ஒரு கோழித் துண்டைப் பிடிக்கப் போய், அது பறந்து டீச்சரோட கைப்பைக்குள்ள விழுந்துடுச்சு. டீச்சர் பையை மூடிட்டு, எறியறதுக்கு முன்னாடி கையைத் தூக்கி அனுமதி கேக்கணும் பாக்கியசாமின்னு, வகுப்புல சொல்ற மாதிரியே சொன்னாங்க. அமலம் போன பிறகு நான் சிரிச்சது அதுதான் முதல் தடவை. அந்த நிமிஷம் பாத்து நீ ஒரு கஸ்டமரைக் கூட்டிக்கிட்டு உள்ள வர்றே.

நீ சத்தம் போடல. போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். மேசைக்குப் பக்கத்துல வந்து, எல்லாருக்கும் வணக்கம் சொல்லி, என் காதுகிட்ட குனிஞ்சு சொன்னே.

"தூக்கத்துலயே போயிட்டாங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்க. மத்தியானம் மூணு மணிக்கு எங்க அக்கா என்னைக்குத் தூங்கிச்சு, மச்சான்?"

சொல்லிட்டு கஸ்டமரைக் கூட்டிக்கிட்டு வேற கடைக்குப் போயிட்டே. அன்னைக்கு சாயந்திரத்துலேருந்து எனக்கு ஒரு டிக்.

அதுதான் ரெண்டாவது குற்றச்சாட்டு. இப்ப அதுக்கு வர்றேன்.

அவ தூங்கல. நீ சரியாத்தான் கேட்டே. அன்னைக்குச் செவ்வாய்க்கிழமை, மூணு மணிக்கு ரூம்ல உக்காந்து சீரியல் பாத்துக்கிட்டு இருந்தா. நான் ஹால்ல காத்தாடிக்கு எண்ணெய் விட்டுக்கிட்டு இருந்தேன். உள்ள அழுகைச் சத்தம் கேட்டுச்சு. தினமும் கேக்கறதுதானே. அப்புறம் ‘ஏங்க’ன்னு ஒரு சத்தம். கூப்பிட்ட மாதிரி. நான் காத்தாடியைப் பாத்துக்கிட்டே, சத்தத்தைக் குறைன்னு கத்தினேன். அதான் அவகிட்ட நான் கடைசியாப் பேசின பேச்சு. திரும்ப அவ கூப்பிடல. சரி, கோபமா இருக்கான்னு விட்டுட்டேன். முக்கால் மணி நேரம் கழிச்சு, இன்னும் கோப்பி வரலையேன்னுதான் எழுந்து போனேன். அதையும் எழுதிடறேன், கோப்பிக்குத்தான் போனேன். நாற்காலியில நல்லா சாஞ்சு உக்காந்திருந்தா, கண்ணாடி போட்டபடி. டிவி பாட்டுக்கு அடுத்த பாகத்தை ஓட்டிக்கிட்டு இருந்துச்சு. ரொஸ்னா ஓடி வந்து கழுத்தைத் தொட்டுப் பாத்துட்டு, முதல்ல டிவியை நிறுத்தினா. டாக்டர் நெஞ்சு அடைப்பு, ஒரு நிமிஷத்துல முடிஞ்சிருக்கும், நீங்க பக்கத்துல இருந்தாலும் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாதுன்னாரு. அவர் எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ.

இன்னொண்ணும் சொல்லணும். படிக்கட்டுக்காகவும் பாலத்துக்காகவும் நான் இருபத்து மூணு சீரியலையும் பாக்க ஒத்துக்கல. அந்த மூணு பேர்கிட்ட அப்படித்தான் காட்டிக்கிட்டேன். எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. அந்த ‘ஏங்க’ங்கற சத்தம் அவ போட்டதா, டிவி போட்டதான்னு தெரியணும். அவ கடைசியாப் பாத்தது ஒரு சலவைக்கடைக்காரியோட கதை, பதினோராம் பாகம். மத்ததையெல்லாம் முடிச்சுட்டுத்தான் அதுக்கு வந்தேன், பயம். அதுல ஒரு சாப்பாட்டுக்கடை வருது. ஒரு பொம்பளை அழுதுக்கிட்டே கையைத் தூக்கி கடைக்காரனைக் கூப்பிடறா. இங்க வாங்கங்கறதுக்கு அவங்க பாஷையில ‘யோகியோ’ன்னு என்னவோ சொல்றா. ரொஸ்னா கேட்டுட்டு, இதுதான், இதைத்தான் நீங்க கேட்டிருக்கீங்க, விட்டுடுங்கன்னா. டீச்சரும் அதையே சொன்னாங்க. காமினி அழுதா. அவங்க போன பிறகு நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். ஹால்ல உக்காந்தும் கேட்டேன், காத்தாடி பக்கத்துல நின்னும் கேட்டேன். மூணு தடவை கேட்டா ஏங்க மாதிரியே இருக்கு. நாலாவது தடவை இல்ல.

இதுக்கு மேல எனக்குத் தெரியாது. நீ என்னை என்ன வேணும்னாலும் சொல்லிக்கோ.

நான் ஏன் போறேன்னு கேட்டா, எனக்கு அந்த ஊர்ல எதையும் பாக்கணும்னு ஆசையில்ல. அவ நோட்டுல என்னைப் பத்தி ஒரே ஒரு வரிதான் இருக்கு, கடைசிப் பக்கத்துல. இவருக்கு ஏழு நாளு சாப்பாடு, நாதன்கிட்ட சொல்லணும், புளி கம்மியாப் போடச் சொல்லி கிளாடிஸ்கிட்ட சொல்லணும். உன் பெண்டாட்டி சமையல், அவ்வளவுதான். அவ என்னைக் கூட்டிக்கிட்டுப் போறதா இல்ல, நியாயம்தான். ஆனா அந்தப் படிக்கட்டுல நான் கொஞ்ச நேரம் உக்காரணும். இங்க அழ இடமில்ல. வீட்டுல அழுதா சுவர் மெல்லிசு, ரொஸ்னா கதவைத் தட்டறா. லிப்டுல அழுதா என்ன அங்கிள், எந்த மாடின்னு கேக்கறாங்க. கோயில்ல அழுதா ஃபாதர் வந்து தோள்ல கை வைக்கறாரு. அந்தப் படிக்கட்டுல அழறது சாதாரணம், யாரும் திரும்பிப் பாக்கமாட்டாங்க, அங்க அழறதை நான் ஆறு பாகத்துல பாத்திருக்கேன்.

ஆகவே மைத்துனர் அவர்களே, அக்டோபர் பதினெட்டாம் தேதி நான் புறப்படுவது உறுதி. தங்கள் அனுமதியை நான் கேட்கவில்லை. தாங்கள் என்னோடு பேச வேண்டும் என்றும் கேட்கவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டேன், தங்கள் கணக்கில் நான் குற்றவாளி என்றால் அப்படியே இருக்கட்டும். பிப்ரவரியில் வருஷப் பூசை. அதற்குத் தாங்கள் தனியாக ஒரு பூசை சொல்லிக்கொள்ளலாம், உங்கள் பக்கத்துக் கோயிலிலும் ஃபாதர் இருக்கிறார். இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத வேண்டாம். உனக்கும் எனக்கும் நடுவில் இருந்தவள் போய்விட்டாள், இனி நாம் இரண்டு பேரும் யாரோ எவரோ.

ஆண்டவர் உனக்கு நல்ல வியாபாரத்தையும், கிளாடிசுக்கு மாடிப்படி ஏறக்கூடிய முழங்காலையும் கொடுக்கட்டும். உன் மகன் ரயனுக்கு என் ஆசீர்வாதம், அவனோடு எனக்குச் சண்டை இல்லை.

இப்படிக்கு,
இன்னமும் உன் அக்காள் புருஷன்தான்,
பாக்கியசாமி

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது ரொஸ்னா வந்தாள். யாருக்குக் கடிதம் என்று கேட்டாள். உனக்கு என்றேன். உடனே முகம் மாறி, கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்து, எல்லாத்தையும் சொல்லிட்டா. முந்தாநாள் நீ அவளுக்குப் போன் பண்ணி, கொரியாவுக்கு இன்னும் ஒரு சீட்டு கிடைக்குமா, மச்சான்கிட்ட சொல்ல வேணாம்னு கேட்டியாமே. தினமும் வேலை முடிஞ்சு நீ கார் ஓட்டிக்கிட்டு வீட்டுக்குப் போறப்ப அக்காதான் போன்ல அன்னைக்குப் பாத்த கதையை உனக்குச் சொல்லுமாமே. சலவைக்கடைக்காரி கதை பத்தாம் பாகத்தோட நிக்குது, அதுக்கு மேல என்ன ஆச்சுன்னு சொல்ல ஆளில்லன்னு அவகிட்ட அழுதியாமே. எனக்கு இது எதுவும் தெரியாது நாதன். பக்கத்து ரூம்ல இருந்தும் தெரியாது. மேலே எழுதின யாரோ எவரோவை அடிச்சுடு. திரும்ப எழுத எனக்குக் கை வலிக்குது, அதனால அப்படியே அனுப்பறேன். சுலைமானுக்கு இப்பத்தான் போன் பண்ணினேன், சீட்டு இருக்கு, என் பக்கத்துலயே போடச் சொல்லியிருக்கேன். ஆறு மணி நேரத்துக்கு மேல பறக்கணுமாம். மீதி ஆறு பாகத்தையும் நான் சொல்றேன். உங்க அக்கா மாதிரி எனக்குச் சொல்ல வராது, நடுவுல நிறுத்துவேன். நீ அவசரப்படுத்தாதே.